குரல்களால் வாழும் குடும்பம்: 'தி ஆர்ச்சர்ஸ்' வானொலி நாடகமும் மறக்க முடியாத நடிப்புகளும்

உலகில் மிக நீண்ட காலமாகத் தொடர்ந்து ஒலிபரப்பாகிவரும் நாடகத் தொடராகக் கருதப்படுவது, பிரிட்டனின் பிபிசி வானொலியில் இடம்பெறும் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற குடும்ப நாடகம். 1951-ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதி நாடு முழுவதற்குமான ஒலிபரப்பாகத் தொடங்கிய இந்தத் தொடர், 20,000-க்கும் அதிகமான பகுதிகளைக் கடந்துள்ளது. ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தில் வாழும் ஆர்ச்சர் என்ற விவசாயக் குடும்பத்தையும், அவர்களின் அயலவர்களையும் பற்றிய கதை இது.

2010-ஆம் ஆண்டு பெப்ரவரி 12-ஆம் தேதி ஒலிபரப்பான பகுதியில், அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணியான ஜில் ஆர்ச்சர் வீடு திரும்புகிறார். வீட்டில் இசை ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவரது கணவர் ஃபில், சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்திருக்கிறார்.

ஃபில் பாத்திரத்தில் 59 ஆண்டுகள் நடித்த நார்மன் பெயின்டிங், அதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன்னர், 2009 அக்டோபர் 29-ஆம் தேதி, தமது 85-ஆவது வயதில் காலமாகியிருந்தார். ஜில் பாத்திரத்தில் நடித்த பட்ரிஷியா கிரீன், 1957-ஆம் ஆண்டு முதல் அவருக்கு மனைவியாக ஒலிவாங்கி முன் நின்றவர். அன்றைய காட்சியில், பதில் சொல்ல ஒரு குரல் இல்லாத நிலையில் அவர் நடித்தார். கதையிலும் கணவர் இல்லை, ஒலிப்பதிவுக் கூடத்திலும் சக நடிகர் இல்லை.

மேடையிலும் திரையிலும் ஒரு நடிகருக்கு முகம் உண்டு, உடல் உண்டு, உடை உண்டு. வானொலியில் குரல் மட்டுமே மனிதர். அந்தக் குரல் அரை நூற்றாண்டு காலம் நேயர்களோடு சேர்ந்து முதுமையடையும்போது, நடிப்பு என்பதன் பொருளே மாறிவிடுகிறது. 'தி ஆர்ச்சர்ஸ்' நாடகத்தின் நினைவில் நிற்கும் நடிப்புகள் பெரும்பாலும் உரத்த நடிப்புகள் அல்ல. காலம் குரலில் இறங்கிய நடிப்புகளே அவை.

உணவுப் பற்றாக்குறையில் பிறந்த நாடகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரும் பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடர்ந்தது. அது முற்றாக நீக்கப்பட்டது 1954-ஆம் ஆண்டில்தான். விளைச்சலைப் பெருக்குவது அரசாங்கத்தின் அவசரத் தேவையாக இருந்தது. ஆனால், புதிய விவசாய முறைகள் பற்றிய வானொலி உரைகளைச் சிறு விவசாயிகள் விரும்பிக் கேட்கவில்லை.

1948-ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் விவசாயிகளும் ஒலிபரப்பாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில், அப்போது பெரும் புகழ் பெற்றிருந்த 'டிக் பார்டன்' என்ற துப்பறியும் தொடரைப் போல விவசாயத்துக்கும் ஒரு தொடர் வேண்டும் என்று ஒரு விவசாயி யோசனை கூறினார். பிபிசி தயாரிப்பாளர் காட்ஃப்ரி பேஸ்லி அதைப் பற்றிக்கொண்டார். விவசாய அமைச்சின் ஆலோசனையுடன் தொடர் உருவாயிற்று. 'டிக் பார்டன்' தொடரை எழுதிய எட்வர்ட் மேசனும் ஜெஃப்ரி வெப்பும் இதன் முதல் எழுத்தாளர்களாயினர். 1950-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இங்கிலாந்தின் மத்தியப் பகுதிகளுக்கு மட்டும் ஐந்து பகுதிகள் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பாயின.

ஆகவே, அரசின் கொள்கையை மக்களிடம் கொண்டுசெல்லும் கருவியாகவே இந்நாடகம் பிறந்தது. விவசாயிகளுக்குக் கல்வி புகட்டும் அதிகாரபூர்வப் பொறுப்பு 1972-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. ஆனால், உரையைக் கேட்காதவர்கள் ஓர் அயலவரின் பேச்சைக் கேட்பார்கள் என்ற அடிப்படைக் கணிப்பு மட்டும் இன்றுவரை மாறவில்லை. அந்த அயலவரை நம்பச் செய்யும் பொறுப்பு முழுவதும் நடிகரின் குரலிடம் ஒப்படைக்கப்பட்டது.

குதிரை லாயத் தீயும் ஊதியக் கோரிக்கையும்

1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி, பிரிட்டனின் முதலாவது வர்த்தகத் தொலைக்காட்சியான ஐடிவி தனது ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே மாலையில் ஃபில் ஆர்ச்சரின் இளம் மனைவி கிரேஸ், தீப்பற்றிய லாயத்திலிருந்து ஒரு குதிரையைக் காப்பாற்றச் சென்று படுகாயமடைந்தார். திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில், தன் கைகளிலேயே அவள் இறந்துவிட்டதை ஃபில் குடும்பத்தாருக்குத் தெரிவிப்பதோடு அப்பகுதி முடிந்தது.

சுமார் 2 கோடிப் பேர் அதைக் கேட்டதாக மதிப்பிடப்பட்டது. பிபிசி-யின் தொலைபேசி இணைப்புகள் திணறின. கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்காக உண்மையான மலர்கள் வந்து சேர்ந்தன. மறுநாள் நாளேடுகளில் புதிய தொலைக்காட்சியோடு கிரேஸின் மரணமும் போட்டியிட்டது.

அன்று பெயின்டிங் நடித்த விதம், பின்னர் இத்தொடரின் பாணியாகவே ஆகிவிட்டது. அழுகுரல் இல்லை, ஓலம் இல்லை. ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கும் அளவுக்கு மட்டும் குரல் தாங்கி நின்றது.

ஆனால், இச்சம்பவத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிரேஸாக நடித்த இசான் சர்ச்மன், நடிகைகளுக்கு உரிய ஊதியம் வேண்டும் என்றும், நடிகர்கள் தொழிற்சங்கத்தில் சேர வேண்டும் என்றும் தாம் வற்புறுத்தியதாலேயே தமது பாத்திரம் கொல்லப்பட்டது என்று பல ஆண்டுகளுக்குப் பின்னர் தெரிவித்தார். தேசத்தையே அழவைத்த ஒரு மரணம், தொழில் உரிமைச் சர்ச்சை ஒன்றின் முடிவாகவும் இருந்திருக்கலாம் என்பது, பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் வரலாற்றில் கவனத்துக்குரிய ஒரு செய்தி. சர்ச்மன் பின்னர் வேறொரு பாத்திரத்தில் இதே தொடரில் பல காலம் நடித்தார். 2024-ஆம் ஆண்டு, 99-ஆவது வயதில் அவர் காலமானார்.

குரல் மாறினால் ஆள் மாறுமா?

நீண்ட காலத் தொடர்கள் அனைத்தும் எதிர்நோக்கும் கேள்வி ஒன்று உண்டு. நடிகர் இறந்தால் பாத்திரம் என்னாவது?

தொடக்க காலத்தில் 'தி ஆர்ச்சர்ஸ்' இதற்கு எளிய விடை ஒன்றை வைத்திருந்தது. நடிகர் மாறுவார், பாத்திரம் தொடரும். குடும்பத் தலைவரான டான் ஆர்ச்சர் பாத்திரத்தை ஹாரி ஓக்ஸ், மான்ட்டி கிரிக், எட்கர் ஹாரிசன், ஃபிராங்க் மிடில்மாஸ் என நால்வர் அடுத்தடுத்து ஏற்றனர். கரகரத்த குரலால் நாடறிந்த கிராமத்து முதியவர் வால்டர் கேப்ரியலாக நடித்த ராபர்ட் மாட்ஸ்லி 1953-ஆம் ஆண்டில் இறந்தபோது, கிறிஸ் கிட்டின்ஸ் அந்தப் பொறுப்பை ஏற்று 1988 வரை நடித்தார். முந்தையவரின் குரலைப் பின்பற்றுவதும், அதே வேளையில் வெறும் போலியாகிவிடாமல் இருப்பதும் எளிய வேலை அல்ல.

ஃபில் ஆர்ச்சர் விடயத்தில் தயாரிப்பாளர்கள் அந்த வழியில் செல்லவில்லை. பெயின்டிங் தமது இறுதிப் பதிவை மரணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் செய்திருந்தார். அவர் இறந்த பின்னரும், நவம்பர் 22-ஆம் தேதி வரை அவரது குரல் ஒலித்தது. வேறொருவர் ஃபில் ஆகவில்லை. ஃபில் ஆர்ச்சரும் இறந்தார்.

பெயின்டிங் வெறும் நடிகராக மட்டும் இருக்கவில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. புருனோ மில்னா என்ற புனைபெயரில், 1966 முதல் 1982 வரையிலான காலத்தில், இத்தொடரின் சுமார் 1,200 பகுதிகளை அவர் எழுதினார். தாம் பேச வேண்டிய சொற்களைத் தாமே எழுதிய நடிகர் என்ற வகையில், ஃபிலின் பேச்சில் எது மிகை, எது இயல்பு என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இருக்க முடியாது. 22 வயது இளைஞனாக அறிமுகமான ஃபில், தந்தையாகி, பாட்டனாகி, பண்ணைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றது வரை, ஒரே குரல் மெல்லத் தளர்ந்து வந்ததைப் பிரிட்டன் கேட்டது. வேறெந்த நாடகக் கலையிலும் இத்தகைய வாய்ப்பு நடிகர் ஒருவருக்குக் கிடைப்பது அரிது.

மறதியை நடித்த இருவர்

இத்தொடரின் மிக நுட்பமான நடிப்பு எது என்று கேட்டால், பெக்கி, ஜாக் வுல்லி ஆகிய முதிய தம்பதியரைப் பலர் குறிப்பிடுவார்கள்.

1919-ஆம் ஆண்டு நாட்டிங்ஹாமில் பிறந்த ஜூன் ஸ்பென்சர், 1950-ஆம் ஆண்டின் பரீட்சார்த்தப் பகுதிகளிலேயே பெக்கியாக அறிமுகமானவர். குடும்பப் பொறுப்புகளுக்காக 1953-ஆம் ஆண்டு விலகிய அவர், 1960களின் தொடக்கத்தில் மீண்டும் அப்பாத்திரத்தை ஏற்றார். பெக்கியின் முதற் கணவர் ஜாக் ஆர்ச்சர் குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி 1972-ஆம் ஆண்டில் இறந்தார். பின்னர் அவர் செல்வந்தரான ஜாக் வுல்லியை மணந்தார். அப்பாத்திரத்தில் 1980 முதல் நடித்தவர் ஆர்னல்ட் பீட்டர்ஸ்.

2000களின் நடுப்பகுதியில், ஜாக் வுல்லி அல்ஸைமர் நோயால் பாதிக்கப்படும் கதை தொடங்கியது. ஸ்பென்சருக்கு அது கற்பனை அல்ல. 2001-ஆம் ஆண்டில் காலமான அவரது சொந்தக் கணவரும் மறதி நோயால் பாதிக்கப்பட்டிருந்தவர். அந்த அனுபவத்தையே அவர் நடிப்புக்குக் கொண்டுவந்தார்.

மறதியை வானொலியில் நடிப்பதில் உள்ள சிக்கலை எண்ணிப் பார்க்க வேண்டும். திரையில் ஒரு வெற்றுப் பார்வை போதும். வானொலியில் நடிகர் மௌனமாக நின்றால், கருவி பழுதடைந்துவிட்டதோ என்றே நேயர் ஐயுறுவார். ஆகவே மௌனத்தின் நீளத்தை அளந்து பயன்படுத்த வேண்டும். ஒரு பெயரைச் சொல்ல வரும்போது அரைக் கணம் தயங்குவது, அதே கேள்வியைச் சற்றும் மாறாத தொனியில் மீண்டும் கேட்பது, தவறு வெளிப்பட்டவுடன் அதிகாரத் தோரணையால் மூடப் பார்ப்பது ஆகியவற்றால் பீட்டர்ஸ் அந்த நோயைக் காட்டினார். ஸ்பென்சரின் பங்கு அதனினும் கடினமானது. பத்தாவது முறையும் முதல் முறை போலவே பதில் சொல்லும் பொறுமையும், அந்தப் பொறுமைக்குள் ஒளிந்திருக்கும் களைப்பும் ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டும். கேட்டன.

பின்னர் நடந்ததை எந்த எழுத்தாளரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார். ஆர்னல்ட் பீட்டர்ஸும் அதே நோயால் பாதிக்கப்பட்டார். 2011-ஆம் ஆண்டுடன் அவரது நடிப்பு நின்றது. 2013 மே மாதம் அவர் காலமானார். ஜாக் வுல்லி பாத்திரத்தின் மரணம் 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒலிபரப்பாயிற்று.

சிரிப்புக்குள் ஒளிந்திருந்த வறுமை

ஆம்பிரிட்ஜ் கிராமத்திலும் வர்க்கம் உண்டு. அது முதலில் காதில்தான் விழும். நில உடைமையாளரான ஆர்ச்சர் குடும்பத்தார் படித்த நடுத்தர வர்க்கத்தின் ஆங்கிலம் பேசுவர். குத்தகை விவசாயிகளான கிரண்டி குடும்பத்தார் கொச்சையான கிராமிய ஆங்கிலம் பேசுவர். இந்தப் பாகுபாடு குறித்து விமர்சனங்கள் உண்டு. நாட்டுப்புற உச்சரிப்பு என்றால் நகைச்சுவை என்ற பழைய வழக்கத்தை இத்தொடரும் நெடுங்காலம் பின்பற்றியது.

அந்த வழக்கத்தை உள்ளிருந்தே உடைத்தவர் எட்வர்ட் கெல்சி. 1985 முதல் 2019-ஆம் ஆண்டு தாம் இறக்கும் வரை முதியவர் ஜோ கிரண்டியாக நடித்த அவர், 'டேஞ்சர் மவுஸ்' என்ற சிறுவர் கேலிச்சித்திரத் தொடரில் வில்லனான தவளைக்கும் குரல் கொடுத்தவர். வேலை வரும்போதெல்லாம் நெஞ்சு நோயைச் சொல்லி இருமித் தப்பிக்கும் ஜோ, நேயர்களின் செல்லப் பாத்திரம்.

2000-ஆம் ஆண்டில் கிரண்டி குடும்பம் வாடகை செலுத்த முடியாமல் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டு, சிறிய அடுக்குமாடி வீடொன்றில் குடியமர்த்தப்பட்டது. அங்கு வளர்க்க முடியாத நிலையில், தாம் ஆசையோடு வளர்த்த ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணிகளை ஜோ தம் கையாலேயே கொன்றார். பதினைந்து ஆண்டுகளாகச் சிரிக்க வைத்த குரல் அன்று உடைந்தது. நேயர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்ததற்குக் காரணம் காட்சியின் கொடூரம் மட்டுமல்ல. அந்த இருமலையும் புலம்பலையும் வேடிக்கையாகவே கேட்டுப் பழகிய தமது காதுகளை அவர்கள் சந்தேகிக்க வேண்டியதாயிற்று.

தெற்காசியக் குரலும் இத்தொடரில் உண்டு. உகாண்டாவிலிருந்து வந்த இந்தியக் குடும்பத்தின் மகளான வழக்கறிஞர் உஷா குப்தா, 1990களில் இனவெறித் தாக்குதலுக்கு உள்ளாகும் கதை ஒலிபரப்பாயிற்று. 2008-ஆம் ஆண்டில், இந்துவான உஷா, ஊர்த் தேவாலயத்தின் மதகுருவான ஆலனை மணந்தபோது நேயர்களிடையே விவாதம் எழுந்தது. உஷாவாக நடித்தவர் சுவாத் ஃபாரெஸ். வெளியார் என்ற நிலையை உச்சரிப்பால் காட்டாமல், கண்ணியம் குறையாத ஒரு நிதானத்தால் அவர் காட்டினார். மரியாதையாகப் பேசும் ஊரில் தனித்து நிற்பது எப்படியிருக்கும் என்பதைப் புலம்பெயர்ந்து வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை.

உயராத குரலின் வன்முறை

2013-ஆம் ஆண்டில் ராப் டிட்ச்னர் என்ற புதிய பாத்திரம் கிராமத்துக்கு வந்தது. கவர்ச்சியும் கனிவும் கொண்ட அம்மனிதர், ஆர்ச்சர் குடும்பத்துப் பெண்ணான ஹெலனை மணந்தார். சுமார் இரண்டரை ஆண்டுகள் நீடித்த இக்கதையில், ஹெலனை அவரது தாயிடமிருந்தும் தோழியிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பிரித்து, தன்னம்பிக்கையை அழித்து, தன் மனநிலையையே அவர் சந்தேகிக்கும்படி ராப் செய்தார்.

ராப் ஆக நடித்த டிமத்தி வாட்சனின் சாதனை, அவர் பெரும்பாலும் குரலை உயர்த்தவே இல்லை என்பதுதான். மிரட்டல் அனைத்தும் அக்கறையின் தொனியிலேயே வந்தது. களைத்திருக்கிறாய், ஓய்வெடு என்பது போன்ற கனிவான பேச்சு, கேட்பவரின் வயிற்றைக் கலக்கியது. ஹெலனாக 2000-ஆம் ஆண்டு முதல் நடித்து வந்த லூயிசா பட்டிகாஸ், அதற்கு நேர்மாறான வேலையைச் செய்தார். ஹெலனின் வாக்கியங்கள் குறுகின. சிரிப்பு குறைந்தது. ஒவ்வொரு பேச்சும் முடியும்போது அனுமதி கேட்பது போல ஒலித்தது. நீண்ட காலமாக அந்தக் குரலை அறிந்திருந்த நேயர்களுக்கு, ஒரு மனுஷி தங்கள் காது முன்பாகவே சிறுத்துப்போவது கேட்டது. தாங்க முடியவில்லை என்று கூறி வானொலியை நிறுத்திவிட்டவர்களும் உண்டு.

இக்கதை நடந்துகொண்டிருந்த வேளையில்தான், வற்புறுத்திக் கட்டுப்படுத்தும் நடத்தையைக் குடும்ப உறவுகளில் தனிக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 டிசம்பர் 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இதற்கு அதிகபட்சமாக ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கலாம். உடலில் காயம் இல்லாத வன்முறை எப்படியிருக்கும் என்பதைச் சட்டத்தின் வாசகங்களைவிடத் தெளிவாக நாடகம் மக்களுக்கு விளக்கியது.

2016 ஏப்ரல் 3-ஆம் தேதி ஒலிபரப்பான பகுதியில், கர்ப்பிணியாக இருந்த ஹெலன் ராப்பைக் கத்தியால் குத்தினார். செப்டம்பர் மாதம் நடந்த நீதிமன்றக் காட்சிகளின் உச்சமாக, நடுவர் குழுவின் வாதங்களைக் கொண்ட ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதி 11-ஆம் தேதி இடம்பெற்றது. ஹெலன் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே, நேயர் ஒருவர் ஹெலனின் பெயரால் தொடங்கிய நிதிதிரட்டல், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் 'ரெஃப்யூஜ்' அமைப்புக்கு ஒரு லட்சம் பவுண்டுகளுக்கும் மேல் சேர்த்துக் கொடுத்தது.

பெயர் இல்லாத துன்பத்தை எந்தச் சமூகமும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 'அடிக்கவில்லையே, பிறகென்ன?' என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களிலும் கேட்கப்படுகிறது. மொழி தெரியாத நாட்டில், கணவரைத் தவிர வேறு துணை இல்லாமல் வாழும் ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வி இன்னும் கனமாக விழுகிறது. அக்கேள்விக்கு இந்நாடகம் அளித்த விடை ஒரு வசனமாக அல்ல, இரண்டு நடிகர்களின் தொனியாகவே இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

இவ்வளவு நுட்பமான நடிப்பு மிகுந்த அவசரத்தில் பதிவாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பர்மிங்ஹாமில் உள்ள பிபிசி ஒலிப்பதிவுக் கூடத்தில், சுமார் 13 நிமிடப் பகுதி ஒன்றை முடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரமே வழங்கப்படுகிறது. எழுத்துப்பிரதியைக் கையில் வைத்தபடி, தாள் சரசரக்காமல் புரட்டிக்கொண்டே நடிக்க வேண்டும். ஒலிவாங்கியிலிருந்து ஓரடி விலகினால் அடுத்த அறை. முகத்தைத் திருப்பினால் முதுகு காட்டிப் பேசுவதாகப் பொருள். பழைய துணி தேய்க்கும் பலகை ஒன்று பண்ணையின் இரும்பு வாயிலாக ஒலிக்கும்.

நடிகர்கள் மாத ஊதியம் பெறும் பணியாளர்கள் அல்லர். பங்கேற்கும் பகுதிகளுக்கே பணம். எனவே பலருக்கு வேறு தொழில்களும் உண்டு. ஊர் வம்பு பேசும் சூசன் கார்ட்டராக நடிக்கும் சார்லட் மார்ட்டின், உளவியல் ஆய்வாளராகவும் பணியாற்றியவர். ஃபிலின் மகன் டேவிட் ஆக 1982 முதல் நடித்துவரும் டிம் பென்டிங்கின் குரலை, ஒரு காலத்தில் லண்டனின் பிக்கடில்லி சுரங்க ரயில் பாதையில் பயணம் செய்த தமிழர்களும் கேட்டிருப்பார்கள். ரயிலுக்கும் மேடைக்கும் இடையிலான இடைவெளியைக் கவனிக்கும்படி எச்சரித்த குரல் அவருடையதே.

பேசாத பாத்திரங்கள் இத்தொடரின் இன்னொரு மரபு. பலரும் அவர்களைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் அவர்கள் ஒருபோதும் வாய் திறப்பதில்லை. அவ்வாறு மௌனமாகியிருந்த புரூ ஃபாரஸ்ட் என்ற பாத்திரம், 1989-ஆம் ஆண்டு பத்தாயிரமாவது பகுதியில் பேசியபோது, குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற நடிகை ஜூடி டென்ச்.

தவறிய தருணங்கள்

எல்லா முயற்சிகளும் வெற்றி பெற்றன என்று கூற முடியாது. தொடரின் 60-ஆவது ஆண்டு நிறைவை ஒட்டி 2011 ஜனவரி 2-ஆம் தேதி ஒலிபரப்பான பகுதியில், நைஜல் பார்ஜெட்டர் தம் மாளிகையின் கூரையிலிருந்து விழுந்து இறந்தார். கிரஹாம் சீட் நடித்த அப்பாத்திரத்தின் நீண்ட அலறல், துயரத்துக்குப் பதிலாகக் கேலியை வரவழைத்தது. அலறலின் நீளத்தைக் கொண்டு கூரையின் உயரத்தைக் கணக்கிட்ட நேயர்களும் இருந்தனர். அமைதியாக இறந்த ஃபிலுக்காக அழுதவர்களே, ஓராண்டுக்குள் அலறி விழுந்த நைஜலுக்காகச் சிரித்தார்கள்.

2020-ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடம் மூடப்பட்டபோது, நடிகர்கள் தத்தமது வீடுகளிலிருந்து பதிவு செய்தனர். மே 25-ஆம் தேதி முதல் பாத்திரங்கள் தங்கள் எண்ணங்களைத் தாமே பேசும் தனிமொழிகள் ஒலிபரப்பாயின. வரவேற்பு கலவையாகவே இருந்தது. நடிகர்கள் குறை வைக்கவில்லை. ஆனால், எதிர்க்குரல் இல்லாத குரல் பாதிக் குரல்தான் என்பதை அந்த வாரங்கள் உணர்த்தின.

எல்லை கடந்த முன்மாதிரி

ஆம்பிரிட்ஜ் முன்மாதிரி பிரிட்டனுக்கு வெளியேயும் சென்றது. 1994-ஆம் ஆண்டு முதல், 'புதிய வீடு, புதிய வாழ்வு' என்ற பொருள்படும் பெயருடைய வானொலி நாடகம் ஆப்கானிஸ்தானுக்காக பஷ்தூ, தாரி மொழிகளில் பிபிசி-யால் உருவாக்கப்பட்டது. கண்ணிவெடி ஆபத்து, தாய் சேய் நலம் போன்றவை கிராமத்துக் கதைகளாக அங்கு பேசப்பட்டன. ருவாண்டாவில் 1999-ஆம் ஆண்டு தொடங்கிய 'உருனானா' என்ற தொடரும் இதே வழியில் உருவானதுதான். போரும் இனப்படுகொலையும் கடந்து வந்த நாடுகளில், அறிவுரையை நம்ப மறுக்கும் மக்கள் பழகிய குரலை நம்புவார்கள் என்ற 1948-ஆம் ஆண்டின் கணிப்பே அங்கும் செயற்பட்டது.

கேட்டுப் பழகிய குரல்

ஜூன் ஸ்பென்சர், 2022-ஆம் ஆண்டு, தமது 103-ஆவது வயதில் ஓய்வு பெற்றார். ஜூலை 31-ஆம் தேதி அவரது இறுதிப் பகுதி ஒலிபரப்பாயிற்று. 2024 நவம்பரில், 105-ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், பெக்கியின் பேத்தி ஆலிஸ் மதுவுக்கு அடிமையாகும் கதை தீவிரமடைந்திருந்தது. ஹோலி சாப்மன் அப்பாத்திரத்தை மிகுந்த துணிச்சலுடன் நடித்தார். தடுமாறும் போதைப் பேச்சைவிட, தான் குடிக்கவில்லை என்று தெளிவாகப் பொய் சொல்லும் தருணங்களே அவர் நடிப்பில் கூடுதலாக வலித்தன. குடியால் கணவரை இழந்த பெக்கியை 1972-ஆம் ஆண்டிலிருந்து அறிந்த நேயர்களுக்கு, அரை நூற்றாண்டு இடைவெளியில் அதே துயரம் அதே குடும்பத்தில் திரும்பி வந்ததை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

நீண்ட தொடரில் நடிகரிடம் இருக்கும் முதன்மையான மூலதனம் திறமை மட்டுமல்ல. நேயரின் நினைவும்தான். அதனால்தான் உரத்த அலறல் வீணாகிறது, அரைக் கணத் தயக்கம் நெஞ்சில் தைக்கிறது. கடல் கடந்து வாழும் நம்மில் பலர், ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் தாயின் குரலில், அவர் 'சுகம்தான்' என்று சொல்லும் முன்னரே சுகமில்லை என்பதை அறிந்துகொள்கிறோம். பட்ரிஷியா கிரீனின் குரலில் அன்று மாலை பிரிட்டன் அறிந்துகொண்டதும் அவ்வாறுதான்.